இரண்டாம் முறை வராதவர்கள்

விளையாட்டுத் திடலைத் திறந்த அன்று பெரம்பூரே திரண்டு வந்தது. மறுநாள் அந்தக் கூட்டத்தில் ஒருவரைக் காணோம்.

சங்கமித்ரா அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திறப்பு விழாவுக்குக் கூட்டம் கூடுவதும் மறுநாள் கலைந்துபோவதும் இந்த ஊரில் நகைக்கடைக்கும் உண்டு, நூலகத்துக்கும் உண்டு. நகர வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்தே தலை நரைத்தவளுக்கு இதெல்லாம் புதிதா என்ன? சில வாரம் போனபிறகுதான் விஷயம் உறைத்தது. ஆட்கள் வராமல் இல்லை. தினமும் புதிதாக நாலைந்து குடும்பங்கள் வந்தன. வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மணலில் புரண்டார்கள், முகமெல்லாம் சிவக்க மூச்சு வாங்கியபடி வாசலுக்கு வந்து, நாளைக்கும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

ஒருமுறை வந்தவர் மறுபடி வராவிட்டால் அந்த இடத்தைப் பொது இடம் என்று சொல்ல முடியாது, கண்காட்சி என்றுதான் சொல்லவேண்டும். மேலிடத்தில் அதைத்தான் சொன்னார்கள். பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் திரும்பி வருகிறவர்கள் என்று ஒரு கூட்டம் சேராவிட்டால், பார்சல் கொண்டுவரும் டிரோன்கள் இறங்குவதற்கு அந்த மனையைக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். மித்ராவும் அந்தப் பங்குனியோடு ஓய்வு பெறுகிறாள். அவள் வரைந்து கட்டியவற்றில் மேம்பாலப் படிக்கட்டு உண்டு, பஸ் நிறுத்தம் உண்டு, கழிப்பறை ஏராளம். ஆசைப்பட்டுக் கட்டியது இது ஒன்றுதான். அதன் மேல் டிரோன் இறங்குவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக அவளுக்கு மனமில்லை.

மூடிப்போன ஒரு சினிமா தியேட்டர் இருந்த மனை அது. வாசலில், செருப்பு விடுகிற இடம் மாதிரி, ஒரு நீளப் பலகையும் அதில் வரிசையாக ஆணிகளும். காதிலும் கையிலும் கண்ணிலும் மாட்டியிருக்கும் சமாசாரங்களை எல்லாம் அங்கே தொங்கவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆணியில் தொங்கியதும் அவை தூங்கிவிடும். உள்ளே இருக்கும் எதையும் தனி ஆளாக ஆடமுடியாது. ராட்டினத்தை யாராவது தள்ளினால்தான் சுற்றும். சீசாப் பலகை ஆறு பேர் உட்காரும் நீளம். ஒருவர் மட்டும் ஏறினால் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அடிபம்பின் பிடி ஒரு மூலையில், தண்ணீர் விழும் வாய் இன்னொரு மூலையில். அடிக்கிறவர் குடிக்கமுடியாது, குடிக்கிறவர் அடிக்கமுடியாது. இதை வரைந்து கொடுத்தபோது ஒப்பந்தக்காரர் குழாய் தப்பான இடத்தில் இருக்கிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்.

இன்னொன்றும் செய்தாள். அந்தி மயங்கும் நேரத்தில் அரைமணி நேரம் விளக்கே போடக்கூடாது என்று எழுதிவைத்தாள். அதற்கு வந்த ஆட்சேபணைகளைப் படித்து முடிக்கவே அவளுக்கு ஒரு மாதம் ஆனது. யார் கேட்டாலும் கண் பழகுவதற்கு, பறவைகளுக்காக என்று எதையோ சொல்லிச் சமாளித்தாள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது சென்னையில் தினமும் கரண்ட் போகும். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மின்விசிறி நின்ற அடுத்த நிமிஷம் எல்லாக் கதவும் திறக்கும். பெரியவர்கள் ஆளுக்கொரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டு, யாரையாவது திட்டிக்கொண்டு, கீழே வந்து கைப்பிடிச் சுவரில் உட்காருவார்கள். பிள்ளைகளுக்கு அது திருவிழா. கல்லா மண்ணா, ஐஸ் பாய், ஓடிப்பிடித்தல் என்று அந்த இருட்டில் ஆடாத ஆட்டமில்லை. யார் வீட்டுப் பிள்ளை விழுந்தாலும் பக்கத்தில் இருக்கிற அம்மா தூக்கிவிட்டு இரண்டு வசவும் கொடுப்பாள். பிறகு கரண்ட் வரும். எல்லா பிளாக்கிலிருந்தும் ஒரே குரலாக ஒரு கூச்சல் கிளம்பும், அடுத்த நிமிஷம் கீழே ஒருவர் இருக்கமாட்டார். ஊரே சந்தோஷப்படும் அந்த நேரத்தில் மித்ராவுக்கு மட்டும் அழுகை வரும். கரண்ட் கட் ஆன ஒரு சாயங்காலத்தைச் சிமெண்டிலும் மணலிலும் கட்டிவிடலாம் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

முதல் துப்பு கிடைத்தது பஸ் நிறுத்தத்தில். போன வாரம் திடலில் இரட்டைப் பெண்குழந்தைகளோடு ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளிய ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். மித்ரா சும்மா இருக்கமாட்டாமல் போய்க் கேட்டாள், ஏன் மறுபடி வரவில்லை என்று. அந்தப் பெண்ணுக்கும் அதுதான் புரியவில்லை. தினம் வரவேண்டும் என்றுதான் கிளம்புகிறாளாம். குழந்தைகளும் நச்சரிக்கிறார்களாம். பேசிக்கொண்டே நடக்கிறார்கள், பார்த்தால் ஏரிக்கரையிலோ கடைத்தெருவிலோ நிற்கிறார்கள்.

"ஞாபகம் இருக்குங்க. ஆனா கால் அந்தப் பக்கம் போகவே மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே அபத்தமாகப் பட்டதுபோல அவள் சிரித்தாள்.

மித்ரா நேராக அலுவலகம் போய் பரக்கத் நிஷாவின் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். நிஷா சுகாதாரப் பிரிவில் வழித்துணை சம்பந்தமான கணக்கு வழக்குகளைப் பார்ப்பவள். நாற்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். மித்ராவிடம் மட்டும் அந்த வாயில் பிரியம் கலந்திருக்கும்.

வழித்துணை என்பது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருவி. இப்படித் திரும்பு, அந்தப் பஸ்ஸில் ஏறு என்று காதோடு சொல்லும். வெறும் வழி சொல்வதோடு நின்றிருந்தால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது நாடியையும் பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில், யாரைக் கண்டு நெஞ்சு படபடக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அந்த இடமோ அந்த ஆளோ உங்கள் வழியில் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளும். சண்டை போட்ட பங்காளி எதிரே வரமாட்டான். குரைக்கிற நாய் இருக்கும் சந்து உங்கள் வழியில் வராது. ஊரில் மாரடைப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. அது வெறும் விளம்பரம் இல்லை, நிஜம். மித்ராவின் அப்பா நடுரோட்டில் ஒரு வேன்காரரோடு வாய்த்தகராறு முற்றி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். இந்தக் கருவி அப்போதே வந்திருக்கக்கூடாதா என்று அவள் நினைக்காத வருஷம் இல்லை. அதனால் அதைக் குறைசொல்கிற கூட்டத்தில் அவள் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

நிஷா திடலின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். வந்த பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"மேடம், உங்க திடல் நல்லா இல்லன்னு யாரும் வராம இல்ல. ரொம்ப நல்லா இருக்கு, அதான் வரல."

"புரியற மாதிரி சொல்லு."

"உள்ள ஓடி ஆடிட்டு அப்படியே மூச்சு வாங்க வந்து துணையை எடுத்து மாட்டிக்கறாங்க. அது முழிச்சுப் பாக்குது. நெஞ்சு தடதடன்னு அடிச்சிட்டிருக்கு. சரி, இந்த இடம் இவங்களுக்கு ஆகாதுன்னு குறிச்சு வெச்சுக்குது. அப்புறம் எங்க வர விடும்?"

"பயத்துல அடிக்கறதுக்கும் சந்தோஷத்துல அடிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா அதுக்கு?"

"எப்படி மேடம் தெரியும்? ரெண்டுலயும் நெஞ்சு ஒரே மாதிரிதான அடிக்குது."

நிஷா இன்னும் சில பக்கங்களைத் திறந்து காட்டினாள். திடல் மட்டும் இல்லை. பள்ளிக்கூடங்களில் சேர்ந்து ஓடியாடுகிற இரண்டு பிள்ளைகளை ஒரே வாரத்தில் அது ஆளுக்கொரு தெருவாகப் பிரித்து அனுப்பியிருந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் திட்டவில்லை. இருவரும் எதிர்ப்படவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் பிள்ளைகள் மறந்துபோகிறார்கள். இப்போதெல்லாம் குழந்தைகளுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதன் லட்சணம் இதுதான் என்று மித்ராவுக்கு விளங்கியது. கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"உங்களோடதப் பாக்கலாமா?" என்றாள் நிஷா. மித்ரா கட்டைவிரலை வைத்து அனுமதி கொடுத்தாள்.

அவளுடைய நாடியின் கோடு தரையாகக் கிடந்தது. மேடில்லை, பள்ளமில்லை. ஆண்டுக்கணக்காக யாரைக் கண்டும் எதைக் கண்டும் அவள் நெஞ்சு துள்ளவில்லை. கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை, அதற்காக அவள் ஏங்கி உட்கார்ந்திருந்ததும் இல்லை. நிம்மதியான வாழ்க்கை என்றுதான் அதை நினைத்துவந்தாள். கோடாகப் பார்த்தபோது நிம்மதி என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு நிஷா புருவத்தைச் சுருக்கினாள். மித்ரா தினமும் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழி காரணமில்லாமல் மாறி மாறி வந்தது. யாரோ ஒருவரிடமிருந்து அவளை விலக்கி விலக்கி அழைத்துப்போயிருந்தது.

"இது உங்களால இல்ல மேடம். உங்க பக்கம் ஒண்ணுமே இல்ல. அவங்க பக்கம்தான் அடிக்குது. உங்களப் பாத்தா யாருக்கோ நெஞ்சு அப்படித் துடிக்குது. பேரு காட்டாது. யாரையோ நல்லா மிதிச்சிருக்கீங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். மித்ராவுக்கு அது முள்ளாகத் தைத்தது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கறாராகப் பேசித் திருப்பி அனுப்பிய ஒப்பந்தக்காரர்கள், மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று அவள் புகார் கொடுத்த மேல்வீட்டுக்காரர், பேச்சுவார்த்தை விட்டுப்போன அண்ணி என்று ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாள். தன்னைக் கண்டால் ஆகாமல் நெஞ்சடித்துப்போகும் ஒரு ஜீவன் இதே வட்டாரத்தில் இருக்கிறது என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

மேலதிகாரியிடம் விஷயத்தைக் கொண்டுபோனபோது அவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். ராட்டினத்தை எடுத்துவிடுங்கள், நீரூற்று ஒன்று வையுங்கள், எல்லோரும் அமைதியாக உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் துணை தானாக ஆளை அழைத்துவரும்.

"அதுக்கு ஆஸ்பத்திரின்னு பேரு சார்," என்றாள் மித்ரா. அவர் சிரிக்கவில்லை. பொங்கல் என்பதை மட்டும் இன்னொரு முறை நினைவுபடுத்தினார்.

வழியைக் கண்டுபிடித்தது மித்ராதான். கருவியை மாற்றுவது அவள் கையில் இல்லை. ஆட்டத்தைக் குறைக்க அவள் தயாராகவும் இல்லை. ஆட்டத்துக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கிற இடம் அவளுடையது. நெஞ்சு அடங்கியபிறகு கருவியை மாட்டினால் அது என்ன செய்துவிடும்? வாசலுக்கு முன்னால், வாதாமரங்களைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ஒரு நீள சிமெண்டு பெஞ்சைப் போட்டாள். ஆடி முடித்தவர்கள் அதன் ஒரு கோடியில் வந்து உட்காரவேண்டும். மூச்சு அடங்கினால்தான் வெளியே போகலாம்.

அடங்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே கருவி எதுவும் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். முதலில் கடிகாரம் ஒன்றை மாட்டினார்கள். பிள்ளைகள் அதைப் பார்க்காமலே ஓடினார்கள். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நிஷா பேச்சுவாக்கில் மித்ராவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்த கையோடு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கு எதற்குக் கருவி? பெஞ்சில் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் உங்கள் கையைப் பிடித்துப் பார்ப்பார். அடங்கிவிட்டது, போகலாம் என்று அவர் சொன்னால் போகலாம். அதுவே வழக்கமாகிவிட்டது.

முதலில் கூச்சப்பட்டார்கள். அன்னியர் ஒருவரின் கையைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எதிர்வீட்டில் பல வருஷமாகக் குடியிருப்பவரின் கை சொரசொரப்பா மென்மையா என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியவந்தது. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா எப்படி இருப்பது? எந்தத் தெரு, பிள்ளைக்கு எத்தனை வயது, சமையலுக்கு இன்றைக்கு என்ன என்று பேச்சு வந்தது. பேச்சு வந்தால் நாடி தானாக அடங்கும். சிலருக்கு அடங்கியபிறகும் எழுந்துபோக மனம் வராது. ஆடுவதற்கென்று கட்டிய இடத்தில் இந்தப் பெஞ்சில்தான் கூட்டம் அதிகம் என்பது மித்ராவுக்கே ஆச்சரியம். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த பெரியவர்களை இங்கே கொண்டுவரத் தான் மறந்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தாள்.

கருவிகள் ஏமாந்தன. ஆணியில் தூங்கப்போகும்போது அமைதி, எழும்போதும் அமைதி. பெரம்பூரிலேயே மனசுக்கு இதமான இடம் இதுதான் என்று அவை முடிவுகட்டி, திடலுக்கு ஆட்களை அனுப்ப ஆரம்பித்தன. இரட்டைப் பெண்குழந்தைகளின் அம்மா வந்தாள். மறுநாளும் வந்தாள். மார்கழி பிறப்பதற்குள் வாசலில் ஆணி போதவில்லை.

நிஷாவுக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. "நாம அத ஏமாத்தறோம் மேடம். நெசமாவே நெஞ்சு வீக்கா இருக்கறவங்களையும் அது இங்க அனுப்பி வைக்கும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

இதய நோய் உள்ளவர்கள் துணைக்கு ஆளோடு வரவும் என்று மித்ரா வாசலில் ஒரு பலகை வைத்தாள். அறிவிப்புப் பலகையை யார் படிக்கிறார்கள்? நடுரோட்டில் சாய்ந்த அப்பாவின் முகம் அவளுக்கு அடிக்கடி வந்துபோனது. தன் ஒருத்தியின் ஏக்கத்துக்காக யாருடைய அப்பாவையாவது பலிகொடுக்கப் போகிறோமோ என்று கவலைப்பட்டாள். ஆனால் ராட்டினத்தில் பிள்ளைகள் போடும் கூச்சல் கேட்டால் அந்தக் கவலை ஓடிப்போய்விடும். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பொங்கலுக்கு முந்தைய வாரம். விளக்குப் போடாத அந்த அரைமணி நேரம். மித்ரா பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். ராட்டினம் தள்ளிவிட்டு ஒரு மனிதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி, சட்டையெல்லாம் வியர்வை. அவளைப் பார்க்காமலே கையை நீட்டினார். பிடித்துப் பார்த்தாள். வேகமாக இருந்தாலும் மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"கையத் தளர விடுங்க சார்," என்றாள்.

குரலைக் கேட்டு அவர் திரும்பினார். அரையிருட்டில் அவள் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், அவள் விரலுக்குக் கீழே அந்த நாடி எகிறியது. எண்ணவே முடியவில்லை. கூண்டுக்குள் மாட்டிய குருவி மாதிரி அடித்துக்கொண்டது.

இதற்குத்தானே மித்ரா இத்தனை நாள் பயந்தாள். மாத்திரை ஏதாவது இருக்கிறதா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நெஞ்சில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருப்பதாகவும், டாக்டர் அவருடைய துணையைக் கறாராகத் திருகி வைத்திருப்பதாகவும், இன்றைக்கு அதுவேதான் வழிசொல்லி இங்கே கூட்டிவந்ததாகவும் சொன்னார். நிஷா பயந்தது இதைத்தான்.

"நீங்க மித்ராதான? ஹவுசிங் போர்டு மித்ரா."

"ஆமா. நீங்க?"

"ஜெயசீலன். தெரிஞ்சிருக்காது. அரக்கோணத்துலேர்ந்து வந்து ஒரே வருஷம்தான் அங்க இருந்தோம். கரண்ட் போனா எல்லாரும் கீழ போவீங்க. எனக்கு யாரையும் பழக்கமில்ல. மாடிப்படியில உக்காந்து பாத்துட்டிருப்பேன். ஒரு நாள் உங்களுக்கு ஆட்டத்துல ஒரு ஆள் கொறஞ்சுது. நீங்க மேல பாத்து, 'டேய் மூணாவது மாடி, கீழ வாடா'ன்னு கூப்டீங்க."

அவ்வளவுதானா என்று மித்ரா கேட்டாள். அவ்வளவுதான் என்றார். அதற்குப் பிறகு தினமும் ஆடினார்களாம். வருஷம் முடிவதற்குள் அப்பாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்களாம்.

மித்ரா தேடினாள். அந்தச் சாயங்காலங்களில் ஒன்றுகூடத் தன்னிடமிருந்து தொலையவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவள் அவள். ஐஸ் பாயில் விரலிடுக்கு வழியாகப் பார்த்து ஏமாற்றுகிறவன் யார் என்று தெரியும். மெழுகுவர்த்தி இரவல் கேட்டு வருகிற எதிர்வீட்டு அம்மாளின் புடவைக் கரை தெரியும். மூன்றாவது மாடிப் பையனை மட்டும் காணோம். ஞாபகம் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் என்ன என்றுகூட நினைத்தாள். அந்த முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க," என்றாள். சொல்லும்போது அழுகை வந்துவிடும்போல இருந்தது.

"இருக்கணும்னு இல்ல," என்றார் அவர். "பல வருஷம் முன்ன, பெரம்பூர்ல நாலு தெரு தள்ளிக் குடிவந்த புதுசுல, பஸ் ஸ்டாப்ல உங்களப் பாத்தேன். எழுந்து வந்து பேசலாம்னா நெஞ்சு தூக்கிப் போடுது. மறுநாள்லேர்ந்து துணை உங்களக் கண்ணுலயே காட்டல. பிடிவாதமா அதே ஸ்டாப்ல போய் நின்னு பாத்தேன். நான் மாறலன்னதும், உங்கள மாத்தி அனுப்பிடுச்சு. இங்க உங்க துணை ஆணியில தூங்குது, நீங்க உள்ள இருக்கறது அதுக்குத் தெரியல."

யாரையோ மிதித்துவிட்டோம் என்று இத்தனை நாள் மருகிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த இடத்தில் பொடிப்பொடியானது. ஒரு மனிதர் இத்தனை வருஷமாக நாலு தெரு தள்ளி இருந்திருக்கிறார். தன்னை வெறுத்து அல்ல. அப்பாவுக்குக் கிடைத்திருக்கக்கூடாதா என்று அவள் ஆசைப்பட்ட அதே கருணை, இவர் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று இருவரையும் இப்படி விலக்கி வைத்திருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்லவும் அவளுக்கு வாய் இல்லை. ஏனென்றால் அவள் பிடித்திருந்த கையில் நாடி இன்னும் அடங்கவில்லை.

"கொறையவே இல்லையே," என்றாள்.

"நீங்க புடிச்சிட்டிருக்கற வரைக்கும் கொறையாது," என்றார் ஜெயசீலன், ஏதோ ராட்டினத்தின் பழுதைச் சொல்கிறவர் மாதிரி.

மித்ராவுக்குக் கையை விட மனமே இல்லை. ஆனால் விட்டாள். அந்தக் கையை அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு தபால்காரரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தாள். பெஞ்சு வளைந்து வளைந்து போனது. நடந்து நடந்து அதன் கடைக்கோடிக்குப் போய், முகம் தெரியாத தூரத்தில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவுக்காக வேண்டிக்கொள்வதுபோல வேண்டிக்கொண்டாள். விளக்குகள் எரியத் தொடங்கின. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நெடுநேரம் கழித்து, "அடங்கிடுச்சு சார், போலாம்" என்று தபால்காரரின் குரல் கேட்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வாசலுக்குப் போகிறவர் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். ஜெயசீலன் தள்ளியே நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"நாளைக்கு வரலாமா?"

வேண்டாம் என்று சொல்வது அவள் கையில் இருந்தது. அமைதியாக வெளியே போகிறார். நாளைக்குத் துணை தானே இவரை இங்கே கொண்டுவந்து விடும். வாசலில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் உள்ளே விடமாட்டார்கள். இவர் இன்னும் பல வருஷம் நன்றாக இருப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. இவருக்குக் கிடைத்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளச் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறதா, பிடுங்கிக்கொள்ள உரிமை இருக்கிறதா என்று எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

"வாங்க," என்றாள். "ஆனா ராட்டினம் தள்ளக்கூடாது. நான் தள்றேன், நீங்க ஏறி உக்காருங்க."

அவர் தலையாட்டிவிட்டு, ஆணியிலிருந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, அது சொன்ன பக்கம் நடந்துபோனார். கூட்டத்தில் மறையும்வரை மித்ரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளும் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று எழுந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். இந்த விஷயத்தில் பிள்ளைகள் ரொம்பக் கண்டிப்பு; அதிகாரியாவது மண்ணாவது, நாடி பார்க்காமல் ஒருவரையும் விடமாட்டார்கள். மித்ரா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். சிறுமி இரண்டு விரலை வைத்து, உதடு அசைய எண்ணினாள். எண்ணுவதை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அண்ணாந்து மித்ராவின் முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க ஓடவே இல்லையே."

மித்ரா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.